ஏழுமலை அண்ணன் கையில் இருந்த கோப்பை

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் வணக்கம்.

போன வாரம் பயிற்சித் தாளைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தது என் மேசைவரைக்கும் கேட்டது. அச்சு, வெல்டிங், பழுது, பாதுகாப்பு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தலைப்புகளுக்கு நடுவில் 'மது அருந்துதல் தொடர்பான மரியாதைச் சொற்கள்' என்று ஒன்று இருந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். "சார், இதுக்கு பிராக்டிகல் கிளாஸ் உண்டா?" என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல ஒரு டீ நேரம் போதாது என்பதால் எழுதுகிறேன்.

அனுபவம் எழுதுவது ஓய்வுபெற்றவர்களின் வேலை என்று தெரியும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் இந்தத் தொழிற்சாலையில் ஜப்பான்காரர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலைக்கு முதலில் வந்தவன் நான். எனக்கு முன்னால் யாரும் விழுந்து எழுந்த தடம் இல்லை. உங்களுக்காவது இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். நைனா செஞ்சி விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தூக்குகிறவர். அம்மா மணிலா என்கிற வேர்க்கடலை ஆயக் கூலி வேலைக்குப் போகிறவர். புதுச்சேரியில் கல்லூரியில் படித்தபோது சாயங்காலத்தில் இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். அதற்கு மேல் பெரிய கதை ஒன்றும் இல்லை. தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது.

வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இயந்திரச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலைதான் முடியும் என்று. மீதிப் பாதி விருந்துகளில் இருக்கிறது. அவர்கள் பகலெல்லாம் பேசாத விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில்தான் பேசுவார்கள். நானோ குடிப்பதில்லை. யார் யாருக்கு ஊற்ற வேண்டும், எப்போது கோப்பையைத் தூக்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாமல் முதல் விருந்தில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உலோக அச்சுப் பிரிவில் மோரி என்று ஒரு இளம் பொறியாளர் இருந்தார். என் வயதுக்காரர். நம் ஆட்கள் அவரை 'மோர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடித்துவிட்டது. அவரும் நானும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் அவருக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பிழைக்கிற அளவுக்குத் தமிழ் சொல்லித் தர வேண்டும், அவர் எனக்கு விருந்துச் சொற்களைச் சொல்லித் தர வேண்டும். ஒரு மாதத்தில் அவர் "இன்னாபா, சில்ற இல்லியா?" என்று கண்டக்டரிடம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். நான்தான் திணறினேன்.

ஏன் திணறினேன் என்று சொல்கிறேன். குடிக்கு நம் ஊரில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தண்ணி, சரக்கு, கட்டிங், குவார்ட்டர். எல்லாம் ஒளித்துப் பேசுவதற்கு, இல்லாவிட்டால் திட்டுவதற்கு. மரியாதையாகச் சொல்வதென்றால் 'மது அருந்துதல்' என்பது ஒன்றுதான். அதையும் பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையிலோ போலீஸ் புகாரிலோதான் பார்க்கலாம், வீட்டுக்குள் யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் மொழியிலோ இதற்கென்று ஒரு தனி உலகமே இருக்கிறது. அடுத்தவர் கோப்பையில் ஊற்றுவதற்கு ஒரு மரியாதைச் சொல். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதற்கு வேறொரு சொல், அதில் கொஞ்சம் தனிமை ஒட்டிக்கொண்டிருக்கும். இறந்தவர் நினைவாகத் தூக்கும் கோப்பைக்கு ஒரு சொல், அப்போது சத்தம் போடக் கூடாது, கோப்பையோடு கோப்பையை இடிக்கக் கூடாது.

'பன்ஷாகு' என்று ஒரு சொல். பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர் வீட்டில் ராச்சோற்றோடு அளவாகக் குடிப்பது. இதை நைனாவிடம் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மூட்டை தூக்கிய உடம்பு வலிக்கு என்று அவரும் சில நாட்கள் ஊற்றிக்கொள்கிறவர்தான்.

"பாத்தியா, அவுங்க நாட்டுல அதுக்குத் தனியா பேரே வெச்சிருக்காங்க!" என்று அம்மாவிடம் பெருமை பேசினார்.

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பேரு வெச்சிட்டா சாமியாயிடுமா? அவுங்க அளவா குடிக்கிறாங்க, அதுக்குப் பேரு வெச்சாங்க. நீ குடிக்கிறதுக்கு நான் வெச்சிருக்கற பேர புள்ள எதிர்ல சொல்லட்டா?"

நான் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை. உங்களுக்கும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படி விளக்கம் சொல்ல இருந்தால் சொற்கள் சீக்கிரம் மனதில் நிற்கும்.

இப்போது சொல்லப்போகும் விஷயத்துக்கு இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று 'கெகோ'. மது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர் என்று அர்த்தம். நமக்குப் பால் சேராது, கத்தரிக்காய் சேராது என்று சொல்கிற மாதிரி. சபையில் சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாருக்கும் அவமானம் இல்லை. இன்னொன்று 'தன்ஷு'. குடித்துக்கொண்டிருந்த ஒருவர், இனி உயிருள்ளவரை தொடமாட்டேன் என்று அடியோடு விட்டுவிடுவது. இதைச் சொல்லும்போது மோரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை விருந்தில் யாரும் லேசில் சொல்லமாட்டார்கள். உனக்குத் தேவைப்படாது. தெரிந்து மட்டும் வைத்துக்கொள்" என்றார்.

இந்தச் சொற்களை நான் வேலைக்கு வரும் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டில் பெரும்பாலும் ஏழுமலை அண்ணன் இருப்பார். வல்லத்துக்காரர். வெல்டிங் பிரிவில் ஒரு வரிசைக்கே பொறுப்பானவர். அவர் கை வைத்த இணைப்பைத் தேய்க்கவே வேண்டாம் என்பார்கள்.

"இன்னா தம்பி, மந்திரம் ஓதினு வர? யாருக்கு சூனியம்?" என்று ஒருநாள் கேட்டார்.

குடிப்பதைப் பற்றிய மரியாதைச் சொற்கள் என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "அடப்பாவி, குடிக்கிறதுக்குக்கூடவா பரிச்ச? சொல்லு சொல்லு" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். கடைசியில் தன்ஷுவுக்கு அர்த்தம் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீசல் சத்தத்துக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இரண்டு வருஷம் முன்புவரை அவர் தினமும் குடித்தவர். மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆட மேடை ஏறியிருக்கிறாள். இவர் குடித்துவிட்டுப் போய் முன்வரிசையில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். "அவ அழுதிருந்தாகூட பரவால்ல தம்பி. என்னைப் பாத்துட்டு, யாரோ மாரி மூஞ்சியத் திருப்பிக்கினு ஆடி முடிச்சா." அடுத்த நாள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மாத்திரை, கவுன்சலிங், நடுக்கம் எல்லாம் தாண்டி வந்திருக்கிறார்.

"கம்பெனியில யாருக்கும் தெரியாது. சொல்லிடாத. குடிகாரன்னு ஒரு தபா பேரு வந்துச்சின்னா, இப்ப குடிக்கிறது இல்லன்னு யாரும் கேக்கமாட்டாங்க. மிசின்ல கைய வெக்க உடமாட்டாங்க."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இந்தச் சத்தியம்தான் பிறகு என்னைப் போட்டு வாட்டியது.

போன வருஷம் நம் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேரை ஒரு வருஷப் பயிற்சிக்கு ஜப்பானில் உள்ள தாய்த் தொழிற்சாலைக்கு அனுப்ப முடிவானது. ஏழுமலை அண்ணன் அதில் ஒருவர். போய் வந்தால் அவர் சூப்பர்வைசர். கூரை வீட்டிலிருந்து மாடி வீட்டுக்குப் போகிற பாதை அது. கடைசிச் சம்மதம் மட்டும் ஜப்பானில் இருக்கிற கம்பெனித் தலைவர் கையில் இருந்தது. அவர் நேரில் வந்து நால்வரோடும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். அவர் பழக்கம் அது.

திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிற கம்பெனி விருந்தினர் வீட்டில், பொழுது சாய்கிற நேரத்தில் விருந்து. தலைவர் அன்று காலையில் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறிவிட்டு வந்திருந்தார். பாதி வழியில் ஒரு குரங்கு அவர் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். எழுபது வயதுக்காரர், நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை.

அவர் வருவதற்கு முன் நம் ஹெச்.ஆர். சார் நால்வரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். சென்னைக்காரர். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். "இங்க பாருங்க, அவர் ஊர்லேருந்து ஒரு பாட்டில் சாக்கே, அவங்க அரிசிச் சரக்கு, கையோட கொண்டுவந்திருக்கார். அது அவங்க மரியாதை. ஊத்தினா மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. ஒரு வாய் குடிச்சா யாரும் செத்துட மாட்டீங்க. புரியுதா?"

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். மோரியையும் கூப்பிட்டேன். சத்தியத்தை மீறாமல், "இவரால் குடிக்க முடியாது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். மோரி மேலே எதுவும் கேட்கவில்லை. "ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல். ஊற்றுகிறவர் குடிக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. கோப்பை நிறைந்தே இருந்தால் மறுபடி யாரும் ஊற்றமாட்டார்கள்" என்றார்.

நல்ல யோசனைதான். மற்றவர்கள் விஷயத்தில் அது வேலை செய்தது. ஏழுமலை அண்ணன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டு போனதைப் பார்த்தால், கல்யாண வீட்டில் சாம்பார் வாளி பிடித்தவர் மாதிரி அவ்வளவு கச்சிதம். ஆனால் தலைவர் எழுந்து வந்தார். பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எங்கள் எல்லோருக்கும் ஊற்றியவருக்கு நான் ஊற்றாமல் இருக்கலாமா?" என்றார். ஏழுமலை அண்ணன் கையில் கோப்பையைக் கொடுத்து, அவரே நிரப்பி, எதிரிலேயே நின்றுகொண்டார்.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பை நிறைந்திருந்தது.

நான் முந்திக்கொண்டேன். "மன்னிக்க வேண்டும், இவர் கெகோ" என்றேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று. சத்தியமும் காப்பாற்றப்பட்டது, மரியாதையும் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தேன்.

தலைவர் மனம்விட்டுச் சிரித்தார். "அப்படியா! இளவயதில் நானும் கெகோதான். ஒரு வாய் போதும் எனக்கு, முகம் தக்காளி ஆகிவிடும். பரவாயில்லை, பரவாயில்லை, வடிவத்துக்கு மட்டும்" என்றார். அது அவர்கள் வழக்கம். குடிக்க வேண்டாம், உதட்டில் வைத்து இறக்கினால் போதும் என்று அர்த்தம். குடிக்காதவரைச் சங்கடப்படுத்தாமல் சபையோடு சேர்த்துக்கொள்கிற அன்பு அது.

நான் தமிழில் சொல்வதற்குள் ஹெச்.ஆர். சாருக்கே சைகை புரிந்துவிட்டது. "அவ்ளோதான் ஏழுமலை, ஒதட்டுல வெச்சுட்டுக் கீழ வெச்சுடு. முடிஞ்சுது" என்றார் நிம்மதியாக.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் சொன்ன மெல்லிய சொல் தப்பான சொல் இல்லை. ஆனால் அதைக் கேட்டவருக்கு அதைவிட அன்பான ஒரு வழி தோன்றிவிட்டது. நான் கதவைச் சாத்தவில்லை, வெறுமனே ஒருக்களித்து வைத்தேன். அவர் அதன் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

ஏழுமலை அண்ணன் கோப்பை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு மணிக்கட்டில் வழிந்தது. அதைக்கூடத் துடைக்க பயந்தார்.

"தம்பி," என்றார், உதடு அசையாமல். "இது ஒதட்டுல பட்டுச்சின்னா நான் நிக்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் கோப்பை இறங்கும். ஆனால் கம்பெனித் தலைவர், ஹெச்.ஆர்., கூட வேலை செய்கிற மூன்று பேர் எல்லோர் எதிரிலும் இரண்டு வருஷமாக மூடிவைத்திருந்தது வெளியே வந்துவிடும். ஜப்பான் போகிற வாய்ப்பும் அதோடு போகலாம். சொல்லாமல் விட்டால் ஜப்பான் நிச்சயம், ஆனால் அந்த மனிதர் நிச்சயமில்லை. என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. தலைவர் முகத்தைப் பார்த்து ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு மொழிபெயர்க்கிறவனுக்கு வருகிற பெரிய சபலம். அந்த ஒரு நொடியில் யாரோ என் பல்லைக் கடிக்கவைத்த மாதிரி இருந்தது. இது என் வாழ்க்கை இல்லை. என் கையில் இருப்பது வார்த்தை மட்டும்தான்.

தலைவரிடம், "ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், இவரிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, உள்ளத உள்ளபடி சொல்லிடட்டா? எல்லார் எதிர்லயும்தான் சொல்லணும். சொன்னா ஜப்பான் என்னாவும்னு எனக்குத் தெரியாது. நீ வாணாம்னா நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அண்ணன் இன்னொரு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடு," என்றார். அப்புறம், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆனா குடிச்சேன்னு மொதல்ல சொல்லு. உட்டுட்டேன்னு அப்பறமா சொல்லு. திருப்பிப் போட்டு சொன்னின்னா பொய் மாரி இருக்கும்" என்றார்.

அப்படியே சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆக மரியாதையான மொழியில் சொன்னேன். இவர் நீண்ட காலம் அளவுக்கு மீறி மது அருந்தியவர். இரண்டு ஆண்டுகளாக தன்ஷு காத்து வருகிறார். சற்றுமுன் கெகோ என்று நான் சொன்னது சரியல்ல, இவர் சொல்லச் சொல்லி நான் அதைச் சொல்லவில்லை. தங்கள் அன்பை இவர் மறுக்கவில்லை, மதுவை மட்டுமே மறுக்கிறார்.

தலைவர் சிரிப்பு நின்றது. "இன்னா சொன்ன? இன்னா சொன்ன நீ?" என்று ஹெச்.ஆர். சார் என் தோளைச் சுரண்டினார். ஆபீஸ் தமிழ் பேசுகிறவருக்கே எங்கள் தமிழ் வந்துவிட்டது.

தலைவர் இரண்டு கையையும் நீட்டினார். ஏழுமலை அண்ணன் கையிலிருந்த கோப்பையை, சிந்தாமல், குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். தலையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு அதை அவரே குடித்துவிட்டார். ஊற்றியது வீணாகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. காலிக் கோப்பையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து அண்ணன் மணிக்கட்டில் வழிந்திருந்த சொட்டைத் துடைத்துவிட்டார்.

அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அவர் தொழில் நடத்துகிறவர், கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அங்கே மாதம் ஒரு விருந்தாவது இருக்கும். எல்லோரும் ஊற்ற வருவார்கள், நான் வந்த மாதிரி, அன்போடுதான் வருவார்கள். இந்தத் தம்பி அங்கே வரமாட்டார். உனக்காக யார் சொல்வார்கள்?"

நான் இதைத் தமிழில் சொன்னேன். நியாயமான கேள்வி. நல்லவேளை, கேள்வி எனக்கானது இல்லை.

ஏழுமலை அண்ணன் நிமிர்ந்தார். "அந்த வார்த்தைய எனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லு. நானே சொல்லிக்கறேன்."

சொல்லிக் கொடுத்தேன். "தன்ஷு ஷிதே இமாஸு." நான் குடியை விட்டிருக்கிறேன்.

"தன்சு... சித்தி..."

"சித்தி இல்ல அண்ணே, ஷிதே."

"ஏய், நாக்கு இன்னும் பஸ்ல வந்துனுகீதுபா," என்று கூட வந்தவர்களில் ஒருவர் சொல்ல, சபையில் முதல் சிரிப்பு வந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். மறுபடி சொன்னார். மறுபடியும். பிறகு என் பக்கம் பார்க்காமல், தலைவரை நேராகப் பார்த்து, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, முழு வாக்கியத்தையும் தானே சொன்னார். உச்சரிப்பு சரியில்லைதான். ஆனால் அந்த அறையில் அதைப் புரிந்துகொள்ளாதவர் யாரும் இல்லை.

தலைவர் அதே அளவுக்குக் குனிந்து பதில் வணக்கம் செய்தார். "இவர் போகலாம்" என்றார். அந்த இரண்டு சொல்லை மொழிபெயர்த்த சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. நால்வருக்காகவும் கோப்பை உயர்த்தலாம் என்று தலைவர் சொன்னார். அண்ணன் உற்சாகத்தில் தண்ணீர் ஜாடியை எடுத்து, யாரும் தொடாத வேறொரு கோப்பையை நிமிர்த்தி, "எனக்கு இது போதும் சார்" என்று ஊற்றப் போனார். மோரி நாற்காலி தடதடக்க எழுந்து, "தண்ணி வாணா! தண்ணி வாணா!" என்று தமிழிலேயே கத்திவிட்டார்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. பிரிகிற நேரத்தில் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது அவர்கள் வழக்கத்தில் உண்டு. அது போருக்குப் போகிறவர்களுக்கு, இனி பார்க்கமாட்டோம் என்று தெரிந்தவர்களுக்கு. "அண்ணே, கீழ வையி. திரும்பி வராதவங்களுக்குத்தான் தண்ணி ஊத்துவாங்களாம்" என்றேன்.

கை சுட்டது மாதிரி ஜாடியைக் கீழே வைத்தார். "ஐயோ, நான் திரும்பி வரணும்பா! எம் பொண்டாட்டி கொன்னுடுவா!"

கடைசியில் சமையல்காரர் எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடி பன்னீர் சோடா வாங்கிவந்தார். தலைவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, சாக்கே ஊற்றிய அதே நிதானத்தோடு அண்ணன் கோப்பையில் ஊற்றினார். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ரோஜாவா?" என்று கேட்டார். பிறகு தனக்கும் அதையே ஊற்றச் சொன்னார். எல்லோரும் "கம்பாய்" என்று கத்தினோம்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஹெச்.ஆர். சார், "மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஏழுமலை" என்றார்.

"சொல்லியிருந்தா எம் பேர எடுத்திருப்பீங்க சார்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்திருப்பேன்தான்" என்றார். அப்படி ஒப்புக்கொண்டதற்காக அவரை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சொற்களை நிறையத் தெரிந்துகொள்ளுங்கள், சிரிப்பு வருகிற தலைப்பில் உள்ளதையும் விடாதீர்கள். தேவைப்படாது என்று மோரி சொன்ன சொல்தான் எனக்குத் தேவைப்பட்டது. சபைக்கு இதமான சொல் ஒன்று, ஆளைக் காப்பாற்றுகிற சொல் ஒன்று என்று இரண்டு கையில் இருந்தால், யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர் பக்கம் திரும்பிக் கேளுங்கள். எத்தனை பெரிய மனிதர் எதிரில் நின்றாலும் ஒரு நிமிடம் காக்கவைக்கலாம். காத்திருப்பார்கள். அன்று ஒரு நிமிடம் காத்திருந்த தலைவருக்கும், கேள்வி கேட்காமல் யோசனை சொன்ன மோரிக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். தன் வாழ்க்கையை என் வாயில் ஒப்படைத்துவிட்டு, பிறகு அதைத் தன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொண்ட ஏழுமலை அண்ணனுக்கு இன்னும் அதிகமாக.

அவர் இப்போது அங்கேதான் இருக்கிறார். சில நாட்களுக்கு முன் போன் செய்தார். இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று அப்போது கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டேன். முதல் விருந்திலேயே வாக்கியத்தைச் சொல்லிவிட்டாராம். பாட்டிலோடு வந்து நின்ற ஒரு ஆள், கேட்டதும் பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். எத்தனை வருஷம் என்று விரலைக் காட்டிக் கேட்டாராம்.

"அவனுக்கும் உடணுமாம் தம்பி. எப்பிடி உட்டேன்னு கேக்கறான். நான் இன்னா சொல்லணும்? அதுக்கு ஏதாவது வார்த்த இருந்தா அனுப்பு."

எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் தேடி, மோரியிடமும் கேட்டு, மரியாதையாக நான்கு வாக்கியம் எழுதி, அதை வாசித்து, குரல் பதிவாகவும் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"வார்த்தைங்க நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா ரொம்பப் பெருசா இருக்குது. அதுக்குள்ள அவனே தெனம் வேல முடிஞ்சதும் எங்கூட ரூமுக்கு வந்துடறான். கடைக்குப் போற நேரத்துல இங்க ஒக்காந்துக்கறான். நான் ரசம் வெச்சிக் குடுக்கறேன். காரம் தாங்கல, கண்ணுல தண்ணியோட குடிக்கறான். நாளைக்கும் வருவான்."